"எக்ஸர்சைஸ் பண்ணுங்க" என்றால் என்ன பண்ணுவது? நாள்பட்ட இடுப்பு வலி: வாசகர் கேள்விகள்

மூன்று மாதத்துக்கு மேல் விடாமல் இருக்கும் இடுப்பு வலியை நாள்பட்ட வலி என்கிறோம். அதற்கான பயிற்சிகள் பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பிசியோதெரபி துறையினர் பதில் தருகிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்விகளுக்கு முன்னால் ஒன்று. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலே போய்விடுவது, மலத்தை அடக்க முடியாதது, சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்துப்போவது, நடக்கும்போது பாதம் தொங்கிச் செருப்பு கழன்றுபோவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் பாயை விரிக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாயங்காலக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்திருந்தால் முதுகெலும்பில் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்பு புற்றுநோய் வந்தவர்களும், கீழே விழுந்தபின் வலி தொடங்கியவர்களும் முதலில் டாக்டரைப் பாருங்கள். வயது நாற்பதுக்குள் இருந்து, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பு விறைத்து, நடந்தால் குறைந்து, ஓய்வெடுத்தால் கூடுகிறது என்றால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம்.

குடியாத்தத்திலிருந்து ஒரு பீடித் தொழிலாளி: காலையில் உட்கார்ந்தால் மதியம் வரைக்கும் முறத்தை மடியில வச்சிக்கிட்டு குனிஞ்சபடிதான் வேலை. மூணு வருஷமா நடு இடுப்பில் வலி. காலுக்கு இறங்குறதில்லை. டாக்டர் மாத்திரை கொடுத்து, "எக்ஸர்சைஸ் பண்ணும்மா" என்று சொல்லிட்டார். எதை, எவ்வளவு பண்ணணும்?

மாத்திரைக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதித் தருகிறவர்கள் பயிற்சிக்கு மட்டும் அளவு எழுதுவதில்லை. பலர் பயிற்சியில் பலன் காணாமல் போவது இந்த இடத்தில்தான். உங்களுக்கு நான்கு பயிற்சிகள் போதும். தரையில் ஒரு பாய், அதன்மேல் மடித்த ஜமுக்காளம். வேறு எதுவும் வேண்டாம்.

முதலாவது, முதுகை இளக்குவதற்கு. இரண்டு கை, இரண்டு முட்டி ஊன்றி நில்லுங்கள். உள்ளங்கை தோளுக்கு நேர் கீழே, முட்டி இடுப்புக்கு நேர் கீழே. முதுகை மெதுவாக மேலே வளைத்து, பிறகு மெதுவாகக் கீழே இறக்குங்கள். 6 முதல் 8 முறை, தினமும். கடைசி எல்லை வரை அழுத்த வேண்டாம், இது இழுத்து நீட்டுகிற பயிற்சி அல்ல.

இரண்டாவது, பிரிட்ஜ். மல்லாந்து படுத்து முட்டியை மடக்குங்கள். குதிகாலுக்கும் புட்டத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். முதலில் புட்டத் தசையை இறுக்கி, குதிகாலால் தரையை அழுத்தி இடுப்பைத் தூக்குங்கள். தோள், இடுப்பு, முட்டி மூன்றும் ஒரே கோட்டுக்கு வந்ததும் நிறுத்தி, 5 விநாடி பிடித்து இறக்குங்கள். 8 முறை, சற்று ஓய்வு, மறுபடி 8 முறை. பின்தொடை பிடித்துக்கொண்டால் குதிகால் தள்ளிப் போயிருக்கிறது என்று அர்த்தம். இடுப்பிலேயே வலித்தால் அளவுக்கு மேல் தூக்கியிருக்கிறீர்கள்.

மூன்றாவதை பேர்ட் டாக் என்பார்கள். முதல் பயிற்சியைப் போலவே ஊன்றி நின்று, வலது கையை முன்னாலும் இடது காலைப் பின்னாலும் நீட்டி 8 விநாடி பிடியுங்கள். பிறகு பக்கம் மாற்றுங்கள். ஒவ்வொரு பக்கமும் 6 முறை, ஓய்வு, 4 முறை, ஓய்வு, 2 முறை. பிடிப்பதைச் சிறிதாக வைத்து எண்ணிக்கையைப் படிப்படியாகக் குறைக்கும் இந்த முறை கனடாவின் முதுகெலும்பு ஆய்வாளர் ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலப்படுத்தியது. தசை களைத்துப்போய் உடம்பு கோணுவதற்கு முன்பே நிறுத்துவதுதான் இதன் நோக்கம். பெரும்பாலானவர்கள் காலை ரொம்ப உயரத் தூக்கி, இடுப்பு குழிந்து ஒரு பக்கம் சாயும்படி செய்கிறார்கள். ஒரு பிளாஸ்டிக் டம்ளரில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி இடுப்பின்மேல் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் சிந்தினால் காலைத் தாழ்த்துங்கள், அல்லது கையை ஊன்றியபடி காலை மட்டும் நீட்டுங்கள்.

நான்காவது, பக்கவாட்டில் படுத்து முழங்கையைத் தோளுக்குக் கீழே ஊன்றி, முட்டிகளை மடக்கி, இடுப்பைத் தரையிலிருந்து தூக்கி 8 விநாடி. இரு பக்கமும், அதே 6, 4, 2 கணக்கு. தொடக்கத்தில் 3, 2, 1 போதும்.

பின் மூன்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். செய்யும்போது வலி பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பினால் அளவு சரி. திரும்பவில்லை என்றால் பயிற்சியை விட்டுவிடாதீர்கள், எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். இரண்டு வாரம் சுலபமாக வந்துவிட்டால் பிரிட்ஜை 12 ஆக்கலாம். எழுந்தவுடன் மட்டும் வேண்டாம். ராத்திரி முழுக்கப் படுத்திருக்கையில் முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் குனிகிறபோது அதன்மேல் அழுத்தம் அதிகம். அதே காரணத்துக்காக, விடிந்ததும் முறத்தை எடுத்துவிடாமல் மற்ற வேலைகளை முடித்துவிட்டு உட்காருங்கள்.

உட்காரும் முறையையும் மாற்ற வேண்டும். நான்கு விரற்கடை உயரமுள்ள மணைமேல் உட்கார்ந்தால் இடுப்பு முட்டியைவிட உயர்ந்து முதுகு தானாக நிமிரும். முறத்துக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் கழுத்தும் குனியாது. இலை நனைத்து வைத்த பாத்திரத்தைக் கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். அதற்காகவாவது எழுந்திருப்பீர்கள். எழுந்ததும் இடுப்பில் கை வைத்து ஐந்து முறை பின்னால் சாய்ந்து விட்டு உட்காருங்கள்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கும் 34 வயது வாசகர்: எம்.ஆர்.ஐ.யில், கீழ்முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கியிருக்கிறது என்று வந்திருக்கிறது. வலி வலது பின்தொடை வழியாகக் கெண்டைக்கால் வரை போகிறது. யூடியூப் பார்த்து, காலை நீட்டி உட்கார்ந்து கால் விரலைத் தொடும் பயிற்சி செய்தேன். குடைச்சல் கூடிவிட்டது. பயிற்சி செய்தால் ஜவ்வு இன்னும் வெளியே வருமா?

ஸ்கேன் சீட்டைப் படித்தே பாதிப் பேர் படுத்துவிடுகிறார்கள். வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. 30 வயதினரில் 40 சதவீதம் பேருக்கும் 40 வயதினரில் 50 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. உங்கள் சீட்டில் இருப்பது உங்கள் வலிக்குக் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அளவாகச் செய்யும் பயிற்சியில் ஜவ்வு வெளியே வந்து விழுந்துவிடாது.

ஆனால் நீங்கள் எடுத்த பயிற்சி தப்பு. காலை நீட்டிக் குனியும்போது டிஸ்க்கும் அழுந்துகிறது, ஏற்கெனவே உறுத்தலில் இருக்கும் நரம்பும் இழுபடுகிறது. எதிர்த்திசையில் பாருங்கள். குப்புறப் படுத்து 2 நிமிடம் சும்மா இருங்கள். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் தூக்கி 2 நிமிடம். அது பொறுத்தால் உள்ளங்கையை ஊன்றி, இடுப்பைத் தரையிலேயே தளரவிட்டு, மேலுடம்பைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், 10 முறை. புட்டத்தை இறுக்கக் கூடாது, கைதான் வேலை செய்ய வேண்டும்.

இனி வலி எங்கே போகிறது என்று கவனியுங்கள். கெண்டைக்காலிலிருந்து தொடைக்கும், தொடையிலிருந்து புட்டத்துக்கும் ஏறினால், இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் நல்ல அறிகுறி. தொடருங்கள், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. மாறாகப் பாதத்துக்கு இறங்கினால் உடனே நிறுத்துங்கள். நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி வகுத்த முறை இது. எல்லோருக்கும் பின்னால் வளைவதுதான் சரி என்பதில்லை, எந்தத் திசை ஒத்துவருகிறது என்று தேடுவதுதான் அதன் சாரம். கம்பெனியில் படுக்க முடியாது. டீ இடைவேளையில் நின்றபடியே இடுப்பில் கை வைத்து 10 முறை பின்னால் சாயுங்கள். இரண்டு வாரத்தில் மாற்றம் இல்லை என்றாலோ, குதிகாலை உயர்த்தி நடக்க முடியவில்லை என்றாலோ நேரில் காட்டுங்கள்.

ஆரணியிலிருந்து பட்டு நெசவாளர்: பெல்ட் கட்டினால்தான் குழித்தறியில் உட்கார முடிகிறது. இரண்டு தடவை பத்து பத்து நாள் கரண்ட் வைத்தும் இழுவை போட்டும் வந்தேன். திரும்பவும் வலிக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது. முறைப்படுத்திய உடற்பயிற்சியை அது பரிந்துரைக்கிறது. பெல்ட், இழுவை, அல்ட்ராசவுண்ட், தோல் வழியாக நரம்புக்கு மின்தூண்டல் தரும் டென்ஸ் ஆகிய நான்கையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்கிறது. கரண்ட் வைத்த அன்று இதமாக இருக்கும், பொய்யில்லை. பணமும் பத்து நாள் கூலியும் போவதுதான் எங்கள் வருத்தம்.

பெல்ட்டை ஒரே நாளில் கழற்றி எறிய வேண்டாம். தறியில் முதல் ஒரு மணி நேரம் பெல்ட் இல்லாமல் உட்காருங்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரமாக அதைக் கூட்டுங்கள். தறிக்குழியில் காலை விட்டு மணிக்கணக்கில் உட்காரும்போது தொடையின் முன்பக்கத் தசை சுருங்கியே இருக்கும். எழுந்து நிமிர்ந்தால் அது இடுப்பை முன்னால் இழுக்கும். அதற்கு, ஒரு முட்டியை மடித்த துண்டின்மேல் ஊன்றி, மற்ற பாதத்தை முன்னால் வையுங்கள். ஊன்றிய பக்கத்துப் புட்டத்தை இறுக்குங்கள். அதே தொடையின் முன்பக்கம் இழுபடும். 30 விநாடி, பக்கத்துக்கு 3 முறை. நன்றாக இழுபட வேண்டும் என்று முன்னால் சாய்ந்து இடுப்பை வளைத்தால் தசை நீளாது, இடுப்புதான் வலிக்கும். இதோடு மேலே சொன்ன பிரிட்ஜும் பேர்ட் டாக்கும் உங்களுக்கும் பொருந்தும்.

வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு வாசகி: சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டதிலிருந்து இடுப்பு வலி. குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது. ஊசி போட்ட வலி போகவே போகாது என்று என் மாமியார் சொல்கிறார்.

ஊசி குத்திய இடம் சில நாள் வலிக்கும். வருடக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணம் என்று ஆய்வுகளில் தெரியவரவில்லை. சுகப்பிரசவம் ஆனவர்களுக்கும் இதே வலி வருகிறது. கர்ப்பத்தில் விரிந்த வயிற்றுத் தசை தளர்ந்திருப்பது, குழந்தையை எப்போதும் ஒரே பக்க இடுப்பில் தூக்குவது, குனிந்தபடி பால் கொடுப்பது, தூக்கம் கெடுவது எல்லாம் சேர்ந்து வருவது அது. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, மூச்சை விட்டபடி இடுப்பை மெதுவாகத் தரையோடு அழுத்தி 5 விநாடி பிடியுங்கள், 10 முறை. ஒரு வாரம் போனதும் மேலே சொன்ன பிரிட்ஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தலையைத் தூக்கிப் பார்க்கும்போது தொப்புளுக்கு மேலே நடுவில் இரண்டு விரலுக்கு மேல் பள்ளம் தெரிந்தால், படுத்து எழும் சிட்-அப் பயிற்சியை இப்போது தொடாதீர்கள்.

போளூர் பக்கத்து விவசாயி: மல்லாட்டை பிடுங்குகிற நாட்களில் குனிந்து நிமிரவே முடியவில்லை. குனியவே கூடாது என்கிறார்கள். குனியாமல் எப்படி?

குனியக் கூடாது என்று விவசாயிக்குச் சொல்வது உபதேசம் ஆகுமே தவிர வைத்தியம் ஆகாது. குனிவது விஷம் இல்லை. தயாராகாத இடுப்பு மணிக்கணக்கில் ஒரே நிலையில் குனிந்திருப்பதுதான் பிரச்சினை. இடுப்பை மடக்காமல் தொடை மூட்டை மடக்கிக் குனியப் பழகுங்கள். நீளமான ஒரு கழியை முதுகோடு பிடியுங்கள். பின்மண்டை, தோள்பட்டைகளுக்கு நடுவே, வால் எலும்பு, மூன்று இடத்திலும் கழி தொட வேண்டும். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, சுவருக்கு முதுகு காட்டி நின்று, முட்டியை லேசாக மடக்கி, புட்டத்தால் சுவரைத் தொடப் பாருங்கள். மூன்றில் ஓர் இடத்தில் கழி விலகினாலும் அங்கேயே நிறுத்தி நிமிருங்கள். தினமும் 10 முறை. பத்து நாள் கழித்து, கழிக்குப் பதிலாக 5 லிட்டர் கேனில் பாதித் தண்ணீரோடு. அது பழகியபின் முழுக் கேன். அறுவடைக்கு ஒன்றரை மாதம் முன்பே தொடங்கினால் இடுப்பு தயாராக இருக்கும்.

வயலில் நாள் முழுக்க இப்படியே குனிய யாராலும் முடியாது. ஒரு வரிசை குனிந்து, அடுத்தது குந்தி, அடுத்தது ஒரு முட்டி போட்டு என்று மாற்றிக்கொள்ளுங்கள். செடியிலிருந்து காய் ஆயும்போது தரையில் உட்காராமல் சின்ன ஸ்டூலில் உட்காருங்கள்.

காட்பாடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர், வயது 68: இருநூறு மீட்டர் நடந்தால் இரண்டு காலும் கனத்து மரத்துப்போகிறது. உட்கார்ந்தால் சரியாகிறது. பௌர்ணமிக்கு கிரிவலம் போக முடியுமா?

தண்டுவடம் செல்லும் பாதை வயதால் குறுகியிருக்கும்போது இப்படி வரும். நிமிர்ந்தால் பாதை மேலும் நெருங்கும், முன்னால் சாய்ந்தால் விரியும். அதனால்தான் உட்கார்ந்தால் சுகம். கால் ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் வலிக்கும், ஆனால் அது நின்றாலே குறைந்துவிடும். சர்க்கரையோ புகைப்பழக்கமோ இருந்தால் பாதத்தில் நாடித் துடிப்பைக் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆம்பூர் வாசகருக்குச் சொன்ன குப்புறப் படுக்கும் பயிற்சி உங்களுக்கு ஆகாது. மல்லாந்து படுத்து இரண்டு முட்டியையும் மார்பை நோக்கி இழுத்து 20 விநாடி, 5 முறை. உடற்பயிற்சி சைக்கிள் இருந்தால் 10 நிமிடத்தில் தொடங்குங்கள். நடையைத் துண்டு போடுங்கள். இருநூறு மீட்டரில் மரத்தால் நூற்றைம்பதிலேயே ஒரு நிமிடம் உட்கார்ந்து, மறுபடி நடந்து, மொத்தம் 20 நிமிடம். மரத்துப்போகும் வரை பல்லைக் கடித்து நடப்பதில் பலன் எதுவும் கிடையாது. எலும்பு மெலிவு இருப்பதாகச் சொல்லியிருந்தால் முன்னால் குனியும் பயிற்சிகளைக் கேட்காமல் செய்யாதீர்கள். கிரிவலம் 14 கிலோமீட்டர். இந்தப் பௌர்ணமிக்கு வேண்டாம். பிறகு போகும்போது கூட்டம் இல்லாத நாளில், பாதித் தூரம் ஆட்டோவில், உட்கார்ந்து உட்கார்ந்து போகலாம்.

வேலூரிலிருந்து: வெறும் நடைப்பயிற்சி போதாதா?

வலி விட்டவர்களுக்கு அது மறுபடி வராமல் தள்ளிப்போட நடை நன்றாகவே உதவுகிறது. ஆஸ்திரேலியாவில் 701 பேரிடம் செய்த ஆய்வு 2024-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டலில் படிப்படியாக நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்ப 208 நாள் ஆனது. அந்த வழிகாட்டல் பெறாதவர்களுக்கு 112 நாள். இலக்கு வாரத்துக்கு 5 நாள், 30 நிமிடம். முதல் வாரம் 10 நிமிடத்தில் தொடங்குங்கள். நம் ஊர் வெயிலில் கோட்டை மைதானத்துக்குக் காலை ஆறரைக்குள் போய்விடுங்கள். இப்போதே வலியோடு இருப்பவர்கள் நடையோடு பிரிட்ஜ், பேர்ட் டாக்கையும் விடக் கூடாது. 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2021 காக்ரேன் தொகுப்பில், சிகிச்சை எதுவும் எடுக்காதவர்கள், வழக்கமான சிகிச்சையோ போலிச் சிகிச்சையோ மட்டும் எடுத்தவர்கள் ஆகியோரைவிடப் பயிற்சி செய்தவர்களுக்கு, வலியை நூறுக்கு மதிப்பிட்டால், சராசரியாக 15 புள்ளி குறைந்திருந்தது. அடியோடு மறைந்துவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்ப வேண்டாம். 15 புள்ளி குறைந்தாலே மாத்திரையை விட்டு வேலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர்.

பேரணாம்பட்டு: அத்தையால் பஸ் ஏறி வர முடியாது. வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பார்களா?

2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வெளியே வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தரும் ஏற்பாடு உண்டு, இலவசம்தான். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியுங்கள். வருகிறவரிடம் பயிற்சியைச் செய்துகாட்டச் சொல்லி போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாட்களில் நீங்கள்தானே செய்யவைக்க வேண்டும்.

ராணிப்பேட்டை: மெத்தையை விட்டுக் கட்டாந்தரையில் படுக்கச் சொல்கிறார்கள். சரியா?

தேவையில்லை. ரொம்பக் கெட்டியான மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் வலி அதிகம் குறைந்ததாக 2003-ல் வந்த ஒரு ஸ்பெயின் ஆய்வு காட்டியது. நடுவில் குழிந்துபோன பஞ்சு மெத்தையை மட்டும் மாற்றுங்கள். மல்லாந்து படுத்தால் முட்டிக்கு அடியில் ஒரு தலையணை, ஒருக்களித்தால் இரண்டு முட்டிக்கும் நடுவே ஒன்று. எழும்போது ஒரு பக்கமாகப் புரண்டு, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழுந்திருங்கள்.